ஜி-க்குக் கொஞ்சம் மேலே

மாப்பிள்ளை கனடாவில் நெடுந்தூர லொறி ஓடுகிறவர்.
பனிக்குள் பதினாலு மணித்தியாலம்,
பக்கத்து இருக்கையில் றேடியோ மட்டும்.
"கன்ட்ரி வேணும் அக்கா, ஆனா கிளீனா.
ஒரு கிற்றார், ஒரு குரல், அவ்வளவுதான்"
என்று குரல்பதிவு அனுப்பியிருந்தார்.
பின்னால் வைப்பர் அசைகிற சத்தம் கேட்டது.

கிளீன் என்றால் என்ன?
குருநகர் மண்டபத்தில், பின்னேரம் மூன்று மணிக்கு,
தகரம் வெயிலில் முறிகிற நேரம்
கிற்றாரை அம்பிளிபயரில் கொழுவிவிட்டு
அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

பேஸை ஒன்பது மணிக்கு இறக்கினேன்.
பெட்டி வயிறு வீங்கிப் பேசக் கூடாது.
கட்டைவிரல் பட்டால் கதவு தட்டினது போல
ஒரு டும்,
உடனே வாயை மூட வேண்டும்.
மிட்டில் கொஞ்சம் வெட்டினேன், மூக்கால் பாடுகிற குணம் அங்கேதான்.
முழுக்க வெட்டினால் ஆள் குடியிருக்காத வீடு.
ட்ரெபிள் ஒரு மணிக்கு.
இல்லை, கூடிப்போச்சு, சீமெந்தில் கரண்டி விழுந்த மாதிரி.
பன்னிரண்டரை.
ரிவேர்ப் ஒரு சிட்டிகை என்றேன், சூசையின் கை ஏறிவிட்டது.
"பூசைக்குப் பாடேல்லை சூசை, குறை."

தந்தி புதுசு. பழையதைக் கடற்காற்று
ஒரு மாதத்தில் தின்று முடித்திருந்தது.
கடையில் வாங்கின பிக் தடிப்பு.
கமிலஸ் அண்ணையின் ஐஸ்கிறீம் வாளி மூடியில்
கத்தரிக்கோலால் ஒன்று வெட்டினேன்.
இப்போது மேல் தந்திகள்
கச்சான் கோது உடைகிற மாதிரி
ஒவ்வொன்றாய், உலர்ந்து, விழுந்தன.

எல்லாம் சரி என்று கையை எடுத்தால்
ஸ்பீக்கருக்குள் யாரோ வாய் திறக்காமல் முனகுகிறார்கள்.
வயரை மாற்றினோம். பற்றறியை மாற்றினோம்.
ஏர்த் கம்பியைத் தேடிச் சூசை
மண்டபத்தைச் சுற்றிப் போனான்.
அது கிணற்றடியில் உடுப்புக் கொடியாக இருந்தது,
மேலே இரண்டு துவாய்.

கடைசியில் குசினி. குளிர்பெட்டி.
முந்நூற்றிருபது கப்.
பிளக்குக்கு நான் கை நீட்ட முன்னம்
கமிலஸ் அண்ணை குறுக்கே வந்து நின்றார்.
"தங்கச்சி, பாட்டு உருகாது. இது உருகும்."

மறுமொழி இல்லை என்னிடம்.
திரும்பி வந்து குந்தியிருந்து
முனகலையே கேட்டேன். அதற்கும் ஒரு ஸ்வரம் இருந்தது.
ஜி. சரியான ஜி இல்லை,
ஜி-க்குக் கொஞ்சம் மேலே,
உள்ளே வருவதா போவதா என்று
வாசலில் நிற்கிற விருந்தாளி மாதிரி.
எங்கள் பாட்டும் ஜி.

ஆறு முறுக்காணியையும் ஒரு மயிரளவு ஏற்றினேன்.
ட்யூனர் சிவப்புக் காட்டியது,
அணைத்துப் பைக்குள் போட்டேன்.
"பிழை, பிழை" என்றான் கீபோட் நெவில்.
"உனக்கு இந்தப் பாட்டில்லை, போய் ரோல்ஸ் சாப்பிடு."
ஜி பிடித்து ஒருக்கால் மேலிருந்து கீழே தட்டினேன்.
முனகல் போகவில்லை.
பாட்டுக்குக் கீழே பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

இரவு ஏழே முக்கால்.
டெல்சியாவின் கையைப் பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை இறங்கினார்.
வோல்ஸ் வராது அவருக்கு.
லொறியைப் பின்னுக்கு எடுக்கிறவர் போலத்
தோளுக்கு மேலால் பார்த்துப் பார்த்துத் திரும்பினார்.
அவள் சிரித்துச் சிரித்து இடம் விட்டாள்.

கடைசிச் சரணத்தில் குசினிக்குள் ஒரு டக்.
குளிர் காணும் என்று பெட்டி தானாய் ஓய்ந்தது.
சட்டென்று கீழே ஒன்றுமில்லை,
தந்தியும் காற்றும் மட்டும்,
அவர் கேட்ட அதே கிளீன்.
படி இருக்கும் என்று வைத்த கால் போல
என் கட்டைவிரல் ஒரு கணம் தடுமாறியது.

பிறகு வாசித்தேன், எட்டு பார்,
உலகத்தின் மற்ற எந்தக் கிற்றாரோடும் சேராத அந்த உயரத்தில்.
ஒருவரும் கவனிக்கவில்லை.
சூசை மட்டும் நிமிர்ந்து
குசினிப் பக்கம் பார்த்தான்.